மூன்றாவது தும்மலுக்குப் பிறகு: ரோஜா மணமும் அர்ராஸீயின் சிறுநூலும்

தும்மல் வந்தவர் 'அல்ஹம்துலில்லாஹ்' என்கிறார். அதைக் கேட்டவர் 'யர்ஹமுகல்லாஹ்' என்று துஆச் செய்கிறார். தும்மியவர் 'யஹ்தீகுமுல்லாஹு வயுஸ்லிஹு பாலகும்' என்று அந்த துஆவைத் திருப்பிக் கொடுக்கிறார். நம் வீடுகளில் பேசப் பழகும் குழந்தைகூட அறிந்துவைத்திருக்கும் ஒழுங்கு இது. ஆனால் ஒருவருக்குத் தும்மல் நிற்காமல் பத்து, பதினைந்து என்று தொடர்ந்தால், அருகிலிருப்பவர் ஒவ்வொரு முறையும் துஆச் செய்துகொண்டே இருக்க வேண்டுமா? மார்க்கச் சட்டம் பற்றிய சிறு வினாவாகத் தோன்றும் இதற்குள் மருத்துவ வரலாற்றின் ஒரு நெடிய அத்தியாயம் அடங்கியிருக்கிறது.

அறியாமைக்கால அரபிகள் தும்மலைத் தீய சகுனமாகக் கருதினர். பயணம் புறப்படும் வேளையில் யாரேனும் தும்மிவிட்டால் பயணத்தையே கைவிடுவோரும் அவர்களிடையே இருந்தனர். நம் ஊர்களிலும் ஒற்றைத் தும்மலுக்கு அஞ்சி, வாசற்படியில் கால் வைத்தவர் திரும்பி வந்து சற்று உட்கார்ந்துவிட்டுப் போகும் வழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை. அதில் நம்மவர்களும் உண்டு என்பது வருந்தத்தக்கது. நபி (ஸல்) அவர்கள் இந்த அச்சத்தின் வேரையே பிடுங்கினார்கள். அல்லாஹ் தும்மலை விரும்புகிறான், கொட்டாவியை வெறுக்கிறான் என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை இமாம் புகாரீ (ரஹ்) பதிவுசெய்துள்ளார்கள். சகுனமாக இருந்தது இறைவனைப் புகழும் தருணமாக மாறியது.

அதே நபிவழியில் மற்றொரு செய்தியும் உண்டு. ஸலமா பின் அல்அக்வஃ (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சி அது; ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. நபி (ஸல்) அவர்களின் முன்னிலையில் ஒருவர் தும்மினார். அவருக்காக துஆச் செய்தார்கள். அவர் மீண்டும் தும்மியபோது, இவருக்கு ஸுகாம் பிடித்திருக்கிறது என்ற பொருள்படக் கூறினார்கள். திர்மிதீயின் ஓர் அறிவிப்பு இதனை மூன்றாவது தும்மலுக்குரியதாகக் காட்டுகிறது. மூன்று முறை துஆச் செய்வது, அதற்கு மேற்பட்டது ஸுகாம் என்ற கருத்தில் அபூதாவூதிலும் அறிவிப்பு உண்டு. 'ஸுகாம்' என்பது மூக்கில் நீர் வடியும் நோய். நம் மக்கள் நீர்க்கோவை என்றும், சித்த மருத்துவர்கள் பீனிசம் என்றும் சொல்வதற்கு நெருக்கமானது. யூனானி ஹகீம்கள் இன்றும் 'நஸ்லா, ஸுகாம்' என்றே அழைக்கின்றனர்.

ஆக, ஓரிரண்டு தும்மல் நிஃமத். அதற்குமேல் தொடர்வது நோய். இப்படியொரு கோடு நபிமொழியிலேயே கிழிக்கப்பட்டுவிட்டது.

ஹிஜ்ரி 751இல் (கி.பி. 1350) மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) தமது 'ஸாதுல் மஆத்' நூலில் இந்த இடத்தில் நின்று ஒரு வினாவை எழுப்புகிறார். நோயாளிக்குத்தானே துஆ அதிகம் தேவை? அப்படியிருக்க, நோய் என்று தெரிந்தபின் ஏன் துஆ நிறுத்தப்படுகிறது? அவர் தரும் விடையின் சாரம் இதுதான்: நோயாளிக்கு துஆ உண்டு, ஆனால் அது நோயாளிக்குரிய துஆ, நலம் வேண்டிச் செய்யும் துஆ. தும்மலுக்கென அமைந்த துஆவின் எல்லை மூன்றோடு முடிகிறது. மேலும், 'உமக்கு ஸுகாம்' என்று சொல்வதே அம்மனிதருக்கு ஓர் எச்சரிக்கை. நோயை அலட்சியப்படுத்தி முற்றவிடாமல் அவர் கவனிக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள். ஆயிரம் முறை கேட்ட ஹதீஸில் இப்படியொரு கட்டளையின் சாயல் இருப்பதை அவர் சுட்டிக்காட்டும்வரை நம்மில் பலரும் கவனித்திருக்க மாட்டோம். நான்காவது தும்மலைக் கேட்ட பிறகு அருகிலிருப்பவரின் கடமை, சகோதரரைச் சிகிச்சையின் பக்கம் திருப்புவது.

சிகிச்சை என்றால் எத்தகைய சிகிச்சை? இங்கேதான் நாம் இப்னுல் கய்யிமுக்கு நான்கு நூற்றாண்டுகள் முன்னே செல்ல வேண்டும்.

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதி. இன்றைய ஆப்கானிஸ்தானின் வடக்கிலுள்ள பல்க் பகுதியில் அபூ ஸைத் அஹ்மத் பின் ஸஹ்ல் அல்பல்கீ என்ற அறிஞர் வாழ்ந்தார். இளமையில் இராக் சென்று, தத்துவ அறிஞர் அல்கின்தீயிடம் பயின்றவர் என்று கூறப்படுகிறது. புவியியலில் இஸ்தக்ரீ, இப்னு ஹவ்கல் போன்றோர் தொடர்ந்த வரைபட மரபு இவர் பெயராலேயே 'பல்கீ மரபு' என வழங்கப்படுகிறது. உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் இரு பகுதிகளாக எடுத்துப் பேசிய 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' இவருடையதே. கவலை, சினம், அச்சம், ஊசலாட்டம் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்த இந்த நூலை இன்றைய உளவியலாளர்கள் வியப்போடு படிக்கின்றனர்.

பிறர் உடலுக்கும் உள்ளத்துக்கும் வழிகாட்டி எழுதிய அந்த அறிஞருக்கே ஒரு தொல்லை இருந்தது. வசந்த காலம் வந்து ரோஜா மலர்ந்தால், அதன் மணம் மூக்கில் பட்டவுடன் அவரை ஸுகாம் பிடித்துக்கொள்ளும்.

ரோஜா அன்றைய குராஸானிலும் பாரசீகத்திலும் வெறும் அழகுப் பூவாக இருக்கவில்லை. பன்னீர் வடித்தல் பெருந்தொழில். பாரசீகத்தின் ஃபார்ஸ் பகுதியிலிருந்து பன்னீர் தொலைதூர நாடுகளுக்கெல்லாம் ஏற்றுமதியானது. உணவில் பன்னீர், விருந்தினர் கையில் பன்னீர், மருந்தில் பன்னீர். எல்லோருக்கும் குளிர்ச்சியும் நிவாரணமும் தரும் என்று மருத்துவ நூல்கள் போற்றிய ஒரு பொருள் ஒரு மனிதருக்கு மட்டும் நோயைத் தருகிறது என்றால், அதை யார்தான் நம்புவார்? 'உங்கள் கற்பனை' என்று சொல்லிக் கடந்துபோவதே எளிது. இன்றும் அத்தரின் வாசனையால் தும்மல் வருகிறது என்று ஒருவர் சொன்னால் நாம் எப்படிச் சிரிக்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

இந்தத் தொல்லையைச் சிரிக்காமல் கேட்டு, அதைப் பற்றித் தனியாக ஒரு சிறுநூலே எழுதியவர் அபூபக்ர் முஹம்மத் பின் ஸகரிய்யா அர்ராஸீ. இன்றைய தெஹ்ரானை ஒட்டியிருந்த ரய் நகரில் ஏறத்தாழ கி.பி. 865இல் பிறந்து, ரய்யிலும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராகப் பணியாற்றியவர். பெரியம்மையையும் தட்டம்மையையும் அடையாளங்களால் வேறுபடுத்திக் காட்டிய நூலுக்காக உலகம் அவரை அறியும். நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு இரத்தம் குத்தி எடுத்து, மற்றொரு பிரிவினரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாமல் விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த குறிப்பு அவரது 'அல்ஹாவீ'யில் உள்ளது. (அவருடைய எனக் கூறப்படும் தத்துவக் கருத்துகள் சிலவற்றை உலமாக்கள் கடுமையாக மறுத்துள்ளனர். அது வேறு அரங்கம். மருத்துவத்தில் அவருடைய சொல்லுக்கு இருந்த மதிப்பை அது குறைக்கவில்லை.)

அந்தச் சிறுநூலின் தலைப்பே ஒரு முழு வாக்கியம். அபூ ஸைத் அல்பல்கீக்கு வசந்த காலத்தில் ரோஜாவை முகரும்போது ஸுகாம் ஏற்படுவதன் காரணம் குறித்து என்பது அதன் பொருள். அரபு மருத்துவ நூல்களின் தலைப்புகள் பெரும்பாலும் நோயின் பெயரையோ உறுப்பின் பெயரையோ தாங்கியிருக்கும். இதுவோ மூன்று செய்திகளைச் சேர்த்துக் கட்டியிருக்கிறது: இன்ன மனிதருக்கு, இன்ன பருவத்தில், இன்ன பொருளால். தொடர் தும்மலுக்காக இன்று ஒவ்வாமை மருத்துவரிடம் போனால் அவர் முதலில் கேட்பதும் இவற்றைத்தான். யாருக்கு வருகிறது, எப்போது வருகிறது, எதன் அருகில் போனால் வருகிறது?

'உலகின் முதல் ஒவ்வாமை நூல்' என்று இதனைப் பெருமையோடு எழுதுவோர் உண்டு. அந்தப் பெருமையை இவ்வளவு தூரம் இழுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ராஸீ தந்த விளக்கம் அக்கால மருத்துவத்தின் நால்வகைத் திரவக் கோட்பாட்டைச் சார்ந்தது. தலையில் திரண்ட ஈரம் மூக்கின் வழியே இறங்குகிறது என்பதே அன்றைய ஸுகாம் விளக்கம். உடலின் எதிர்ப்பாற்றல் தவறாகச் செயல்படுவதை அவர் அறிந்திருக்க வழியில்லை. ஆனால் எல்லோருக்கும் நல்லதான ஒன்று ஒருவருக்குத் தீங்காகலாம் என்பதை ஏற்று, அந்த ஒருவரின் அனுபவத்தை நம்பி, காரணம் தேடப் புறப்பட்டாரே, அதுதான் அவருடைய பெருமை. பொய்யான புகழைவிட இது பெரியது.

ராஸீக்குப் பின் வந்த இப்னு ஸீனா (980–1037) 'அல்கானூன்' நூலின் மூன்றாம் பாகத்தில், மூக்கு நோய்களின் வரிசையில் தும்மலுக்குத் தனி இடம் கொடுத்தார். நுரையீரலுக்கு இருமல் எப்படியோ அப்படியே மூளைக்குத் தும்மல் என்பது அவருடைய ஒப்புமை. தொல்லை தரும் ஒன்றை வெளியே தள்ளும் இயக்கம் அது. உறுப்பைப் பற்றிய கணக்கு தவறு. மூக்கின் உட்சவ்வைக் காக்கவே தும்மல் எழுகிறது. இயக்கத்தைப் பற்றிய கணக்கு மிகச் சரி. தும்மலை வரவழைப்பவை எவை, மிகையான தும்மலை அடக்குபவை எவை என்று இரண்டையும் அவர் பேசுகிறார்.

அதன் பிறகு இந்தக் கேள்வி நெடுங்காலம் உறங்கியது. 1565இல் இத்தாலியின் பவியா நகரில் லியோனார்டோ பொட்டாலோ என்ற மருத்துவர், ரோஜா மணத்தால் தலைவலியும் தும்மலும் அடைவோரைக் குறிப்பிட்டார். பின்னர் 1819 மார்ச்சில் லண்டனில் ஜான் போஸ்டாக் என்ற மருத்துவர் சக மருத்துவர்கள் முன் ஒரு நோயாளியின் வரலாற்றை வாசித்தார். எட்டு வயதிலிருந்து ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் கண் அரிப்பு, தொடர் தும்மல், மூச்சடைப்பு. அந்த நோயாளி வேறு யாருமல்லர். 46 வயதான போஸ்டாக்தான். இரத்தம் எடுத்தல், குளிர்நீர்க் குளியல், அபின் என அவர் முயலாத வழியில்லை. ஒன்பது ஆண்டுகள் தேடியும் 28 பேரின் விவரங்களையே அவரால் திரட்ட முடிந்தது. வைக்கோல் மணமே காரணம் என்று மக்கள் பேசிக்கொண்டனர். 'வைக்கோல் காய்ச்சல்' என்ற பெயரும் அதனாலேயே நிலைத்தது. போஸ்டாக்கோ கோடை வெப்பத்தைக் குற்றவாளியாக்கினார். அது தவறு. ஆயினும் ராம்ஸ்கேட் கடற்கரையில் தங்கியபோது அவருக்குத் தொல்லை குறைந்தது. கடற்காற்றில் புல்லின் மகரந்தம் குறைவு என்பது அன்று அவருக்குத் தெரியாது.

அதைக் கண்டவர் மான்செஸ்டரின் சார்லஸ் பிளாக்லி. இவரும் அதே நோயாளி. மகரந்தத் தூளை எடுத்துத் தம் மூக்கிலேயே வைத்துப் பார்த்தார். தோலைக் கீறி அதன்மேல் தடவிப் பார்த்தார். பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றில் வைத்து, ஒட்டிய மகரந்தத் துகள்களை நாள்தோறும் எண்ணினார். பட்டத்தில் கட்டி உயரத்துக்கு அனுப்பியும் எண்ணினார். துகள்களின் எண்ணிக்கை ஏறினால் அவருடைய தும்மலும் ஏறியது. 1873இல் அவர் வெளியிட்ட நூலுடன், பருவந்தோறும் வரும் தும்மலின் காரணம் ஐயமின்றி நிலைநாட்டப்பட்டது.

அப்படியானால் பல்கீயின் ரோஜா? இங்கே ஒரு சுவையான சிக்கல். ரோஜாவின் மகரந்தம் பூச்சிகளால் சுமந்து செல்லப்படுவது. காற்றில் எளிதில் பறப்பதன்று. புல்லும் சில மரங்களும் காற்றில் மகரந்தத்தைத் தூவும் பருவத்திலேயே ரோஜாவும் மலர்வதால், கண்ணுக்குத் தெரியும் மலரின்மேல் பழி விழுவது இயல்பு. கடும் மணமே சிலருடைய மூக்கின் நரம்புகளைத் தூண்டித் தும்மலையும் நீர்வடிதலையும் உண்டாக்கும் என்பதும் உண்மை. 1886இல் அமெரிக்காவின் பால்டிமோரில் மக்கென்ஸி என்ற மருத்துவர், ரோஜா என்றாலே மூச்சுத் திணறும் ஒரு பெண்மணியிடம் செயற்கை ரோஜாவைக் காட்டினார். அதைப் பார்த்தே அவருக்குத் தும்மலும் மூக்கடைப்பும் வந்துவிட்டன. மூக்கும் மனமும் அவ்வளவு நெருக்கம். உடலையும் உள்ளத்தையும் சேர்த்தே எழுதிய பல்கீ இதைக் கேட்டிருந்தால் வியந்திருக்க மாட்டார்.

இருபதாம் நூற்றாண்டு எஞ்சிய முடிச்சுகளை விரைவாக அவிழ்த்தது. 1906இல் வியன்னாவின் பிர்கே 'அலர்ஜி' என்ற சொல்லை ஆக்கினார். 1911இல் லண்டனில் லியோனார்ட் நூன், மகரந்தச் சாற்றைச் சிறுகச் சிறுக ஊசி வழியே செலுத்தி உடலைப் பழக்கும் முறையை வெளியிட்டார். 1937இல் பாரிஸில் போவே குழுவினர் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுக்கும் முதல் மருந்தைக் கண்டனர். 1960களில் நெதர்லாந்தின் லெய்டன் ஆய்வாளர்கள் வீட்டுத் தூசியிலுள்ள கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளே ஆண்டு முழுவதும் வரும் தும்மலுக்குப் பெருங்காரணம் என்று காட்டினர். அதே பத்தாண்டின் பிற்பகுதியில், இவையனைத்துக்கும் பின்னால் இயங்கும் ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்புப் புரதமும் அடையாளம் காணப்பட்டது.

தூசி உண்ணி பற்றிய செய்தி நமக்கு மிக அருகில் உள்ளது. ஈரக்காற்று வீசும் கடலோர ஊர்களில், தடித்த கம்பளம் விரித்த பள்ளிவாசலில், ஸஜ்தாவில் மூக்கும் நெற்றியும் படும் இடம் எது? வெயிலில் காயாத, ஆழமாகத் தூய்மை செய்யப்படாத விரிப்பு இந்த உண்ணிகளின் இல்லம். சுப்ஹுத் தொழுகையில் ஒருவர் வரிசையாகத் தும்முகிறார் என்றால் பனியை மட்டும் குற்றம் சொல்ல இயலாது. சாம்பிராணிப் புகையும் இத்தகையோரை வருத்தும். பூண்டு, வெங்காய வாடையோடு பள்ளிக்கு வந்து பிறருக்குத் தொல்லை தர வேண்டாமென்று அறிவுறுத்திய மார்க்கம் நம்முடையது. மணம் நல்லதாக இருந்தாலும், அது ஒருவரைத் தொழுகையிலிருந்து விரட்டுமானால் அளவோடு வைத்துக்கொள்ளலாமே என்பதை ஜமாஅத் நிர்வாகிகள் சிந்திக்கலாம்.

தொழுகையில் தும்முபவரை முறைத்துப் பார்ப்பவர்களுக்கு முஆவியா பின் அல்ஹகம் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி போதும். தொழுகைக்குள் ஒருவர் தும்ம, சட்டம் தெரியாமல் இவர் சத்தமாக 'யர்ஹமுகல்லாஹ்' என்றார். மக்கள் முறைத்தனர். நபி (ஸல்) அவர்களோ தொழுகை முடிந்தபின் கடிந்துகொள்ளாமல், தொழுகையில் மனிதப் பேச்சுக்கு இடமில்லை என்று மென்மையாகக் கற்பித்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு நல்லாசிரியரைக் கண்டதில்லை என்று அவரே பின்னர் நெகிழ்ந்து கூறியது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

தும்மலை நிறுத்த எண்ணி மூக்கையும் வாயையும் இறுகப் பொத்திக்கொள்வோர் உண்டு. இது ஆபத்து. அவ்வாறு அடக்கியதால் தொண்டையின் உட்சுவர் கிழிந்த ஓர் இளைஞரைப் பற்றி 2018இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்று எழுதியது. நபி (ஸல்) அவர்கள் தும்மும்போது கையாலோ ஆடையாலோ முகத்தை மூடிக்கொள்வார்கள், ஓசையைத் தாழ்த்திக்கொள்வார்கள் என்றே அபூதாவூதிலும் திர்மிதீயிலும் வந்துள்ளது. மூடுவதும் தாழ்த்துவதும் வேறு, அடைப்பது வேறு.

தொடர் தும்மல் உடையவர் முதலில் செய்யத்தக்கது ராஸீயின் தலைப்பைத் தமக்கே எழுதிப் பார்ப்பது. எந்த மாதம், எந்த நேரம், எந்த அறை, எந்த வாசனை, எந்தப் பூனை. இரண்டு வாரங்கள் குறித்துவைத்தாலே பலருக்குக் குற்றவாளி பிடிபட்டுவிடும். தலையணை உறையையும் போர்வையையும் வாரந்தோறும் வெந்நீரில் துவைப்பது உண்ணிகளைக் குறைக்கும். கொதிக்கவைத்து ஆறிய நீரில் அளவாக உப்பிட்டு மூக்கைக் கழுவுவது ஒவ்வாமைத் தும்மலுக்கு உதவும் என்பதை மருத்துவர்களும் ஏற்கின்றனர். இதைச் சொல்லும்போது உளூவில் மூக்குக்கு நீர் செலுத்துவதை நினைக்காமல் இருக்க முடியாது. நோன்பாளியாக இல்லாதபோது அதை நன்கு செய்யும்படி நபிமொழியும் உண்டு. ஆனால் உளூ ஒரு வணக்கம். அதை மூக்கு மருத்துவமாகச் சுருக்கிப் பிரச்சாரம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

இவற்றால் அடங்காவிட்டால் மருத்துவரைக் காண வேண்டும். உறக்கம் தராத ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரைகளும், மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தும் இன்று எளிதில் கிடைக்கின்றன; நூன் தொடங்கிய பழக்குமுறையும் தேவைப்படுவோருக்கு உண்டு. பழைய வகை மாத்திரைகள் உறக்கத்தைத் தருபவை. வாகனம் ஓட்டுவோர் கவனிக்க வேண்டும். மூக்கடைப்பை நொடியில் திறக்கும் சொட்டு மருந்தை மருந்துக்கடையில் தாமே வாங்கிச் சில நாள்களுக்கு மேல் ஊற்றிக்கொண்டிருந்தால், மருந்தே அடைப்பை வளர்க்கத் தொடங்கும். கூடவே இரைப்போ மூச்சுத் திணறலோ இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. ஆஸ்துமாவும் இந்த ஒவ்வாமையும் பெரும்பாலும் இணைந்தே நடப்பவை.

ரமளானில் மூக்கில் அடிக்கும் மருந்து நோன்பை முறிக்குமா என்பதில் இக்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. தினமும் ஒரு முறையோ இரு முறையோ மட்டும் பயன்படுத்த வேண்டிய மருந்துகளே இவற்றில் அதிகம் என்பதால், மருத்துவரிடம் கேட்டு ஸஹரிலும் இஃப்தாருக்குப் பின்னும் நேரத்தை அமைத்துக்கொண்டால் மருந்தும் விடுபடாது, நோன்பிலும் ஐயம் எழாது.